வால் வந்தால்தான் கடை கட்டணும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேரைத் திட்டிவிடுவேன். திட்ட வேண்டிய முதல் ஆள் நான்தான், அதையும் விடப்போவதில்லை.

லிஃப்ட்காரர் எனக்குப் பழக்கமானதே நான் போட்ட கூச்சலில்தான். நான் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள். ஆஸ்பத்திரி ஐந்தாவது மாடியில். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், சாப்பாட்டு நேரம் முடிந்து மேலே போகும்போது மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நான் ஒருத்திதான். கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்து, கட்டடத்துக்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே ஒரு குரல், கொஞ்சமும் பதற்றமில்லாமல் கேட்டது.

"மேடம், நான் லிஃப்ட்காரன், ரிப்பேர் பாக்கறவன். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன். கையால சுத்தி இறக்கணும், அதுக்கு இன்னொரு ஆள் வரணும். நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்."

போகவும் இல்லை. நாற்பது நிமிஷமும் பேசிக்கொண்டே இருந்தார். காலையில் என்ன சாப்பிட்டேன், ஆஸ்பத்திரியில் யார் ரொம்பத் தொந்தரவு, எல்லாம் கேட்டார். என் பேச்சு தீர்ந்ததும் அவர் கதையை ஆரம்பித்தார். கடலோரமாக ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிற பந்தயம் ஒன்று இருக்கிறதாம். ரோடு கிடையாது. மணல் மேடு, பாறை, கழிமுகத்துச் சேறு. முழங்கால் வரை சேறு, காலை எடுத்தால் செருப்பு வராது, செருப்பை எடுத்தால் கால் வராது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்துகொண்டு சிரித்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தப் பந்தயத்தில்தான் அவருக்கு "வால்" என்று பேர். நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஒருவர் அதை நடத்துகிறார். முதல் வருஷம் லிஃப்ட்காரரும் நெஞ்சில் எண்பத்தெட்டாம் நம்பரைக் குத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். லிஃப்ட்காரனுக்கு எப்படி இவ்வளவு தெம்பு என்று கேட்டால், "லிஃப்ட் ஓடுறப்ப என்னை யாரும் கூப்பிடறதில்ல மேடம், ஓடாதப்பதான் கூப்பிடறாங்க. அப்ப நான் படியிலதானே ஏறியாகணும்" என்பார். தெம்பு இருந்ததே தவிர வேகம் இல்லை. நேரம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். வரும்போது கை நிறைய ஆரஞ்சு ரிப்பன். வழி தெரிவதற்காகப் புதர்களில் கட்டியிருந்த அத்தனை ரிப்பனையும், எனக்குப் பின்னால்தான் யாரும் இல்லையே என்று அவிழ்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மாஸ்டர் அதைப் பார்த்தார். அடுத்த வருஷத்திலிருந்து நீங்கதான் வால் என்று சொல்லிவிட்டார்.

வாலுக்கு வேலை இதுதான். கடைசியாக ஓடுகிறவருக்கும் பின்னால் நடக்க வேண்டும். அவரை முந்தக் கூடாது, விட்டுவிடவும் கூடாது. வழியில் ஒரு ரிப்பன் மிச்சம் வைக்காமல் அவிழ்க்க வேண்டும். வழியில் தண்ணீர் கொடுக்கிற பந்தல்களும், முடிகிற இடத்து மேசையும், வால் வந்து சேர்ந்த பிறகுதான் மூட்டை கட்டலாம். வால் வந்தால்தான் கடை கட்டணும் என்பது அங்கே சட்டம் மாதிரி. வாலுக்கு நம்பர் கிடையாது, ஏனென்றால் வால் போட்டியில் இல்லை.

லிஃப்டிலிருந்து இறங்கிய அந்த வருஷமே நானும் அதில் மாட்டிக்கொண்டேன். ஓடுவதற்கு இல்லை, என் முழங்காலுக்கு அது ஆகாது. மைதானத்தில் முடிகிற இடத்தில் மேசை போட்டு, வருகிறவர்கள் நம்பரைப் பட்டியலில் டிக் அடிக்கிற வேலை. நான் போடுகிற கணக்கு தப்பாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தில் மண்ணை அள்ளிப் போட்ட கதைதான் இது.

அவர் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு என்று எதைச் சொல்வது, ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டி ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் அந்த எண்பத்தெட்டாம் நம்பர் துணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துப் பார்த்து வயசு போய்விட்டது, அம்மாவும் போய்விட்டார். ஒரே ஒரு அக்கா, ஒரு நாள் ரயில் தூரத்தில். மோட்டார் சத்தத்தைக் கேட்டே யார் எந்த மாடிக்குப் போகிறார்கள் என்று சொல்வார். இது ஏழாவது மாடி டீச்சர், இன்றைக்கு லேட். இது நாலாவது மாடிக் குழந்தைகள், எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டார்கள். ஒரு தடவை ஏதோ சாவி வாங்கப் போனபோது அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் ஏறி இறங்கினார்கள், ஒருத்தரும் மொட்டை மாடிவரை வரவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகணுமே என்று கிளம்பிவிட்டேன்.

பந்தயத்தன்றைக்கு விடியற்காலையில் வந்து, ஒரு பையை என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே துண்டு, மாற்றுச் சட்டை, காய்ந்த செருப்பு, பிளாஸ்டிக் கவரில் சுற்றின போன். ஒரு போனைச் சேறு தின்றுவிட்டதிலிருந்து போனைக் கையில் கொண்டு போவதில்லை. பிற்பகல் மூன்று மணிவாக்கில் வந்து சேர்வார். அதற்குள் மெடல் கொடுத்து, போட்டோ எடுத்து, கூட்டமெல்லாம் கலைந்திருக்கும். நான் மட்டும் மணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். வந்ததும் தவறாமல் ஒரே கேள்விதான் கேட்பார். "எல்லாரும் வந்தாச்சா மேடம்?" வந்தாச்சு என்பேன். பையை எடுத்துக்கொண்டு, மைதானத்தின் ஓரமாகப் போய் நின்று யாரிடமோ போனில் பேசுவார். நான் மேசையை மடக்கிக்கொண்டு, ஏண்ணா இவ்வளவு நேரம், எனக்கு வீட்டில் வேலை இல்லையா என்று ஒரு பாட்டுப் பாடுவேன். பத்து வருஷமும் பாடியிருக்கிறேன்.

இந்த வருஷம் மூன்று நாளாக விடாத மழை. சேறு வழக்கத்துக்கு இரண்டு மடங்கு. நூற்று எண்பத்து மூன்று பேர் ஓடினார்கள். வருகிறவர்களைப் பார்த்தால் ஆள் எது, மண் எது என்று தெரியவில்லை, ஒவ்வொருத்தர் நெஞ்சையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் நம்பரைப் படித்தேன். கடைசி ஏழு பேர் ரொம்பப் பின்தங்கிவிட்டார்கள். சாயங்காலம் கடல் ஏறும், அவர்களால் தாண்ட முடியாது என்று மாஸ்டர் முடிவெடுத்து, கடைசிப் பந்தலான நாலாவதிலேயே நிறுத்தி வேனில் ஏற்றிவிட்டார். வேனில் ஏழு பேருக்குத்தான் இடம். வாலையும் நெருக்கிக்கொண்டு ஏறச் சொல்லியிருக்கிறார். இவரா ஏறுவார்? மிச்சம் ஒன்பது கிலோமீட்டர் ரிப்பனை யார் அவிழ்ப்பது, நீங்க போங்க, நான் அவிழ்த்துக்கிட்டே வந்துடறேன் என்று ரிப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மாஸ்டர் என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். அவர் தலையில் எத்தனையோ பாரம், சரி. ஆனால் சொல்லியிருக்கணும்.

வேன் வந்து நின்றது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏழு பேர் நடுங்கியபடி இறங்கினார்கள். ஏழையும் எழுதினேன். கூட்டிப் பார்த்தேன், நூற்று எண்பத்து மூன்றும் சரியாக வந்தது. பந்தல் ஒழுகுகிறது, பேப்பர் நனைகிறது, எங்கள் வீட்டுக்காரர் காருக்குள் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார். பத்து வருஷமாகக் கடைசி ஓட்டக்காரரின் பின்னாலேயே அந்த மனுஷன் வந்து நிற்பார், நான் நிமிர்ந்தால் கண்ணில் படுவார். இந்தத் தடவை கடைசி ஆட்கள் வேனில் வந்ததில் என் புத்தி அங்கேயே நின்றுவிட்டது. எழுந்து நின்று, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி நானேதான் சொன்னேன்.

"எல்லாரும் வந்தாச்சு! கடை கட்டலாம்!"

அப்போது மணி இரண்டேகால். பத்தே நிமிஷத்தில் மைதானம் காலி. என் மேசை, நாற்காலி, அடியில் கிடந்த பை, எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுக்கொண்டு நாங்களும் கிளம்பிவிட்டோம்.

நாலு மணிக்கு வீட்டுக் கூடத்தில் ஒரு போன் அடித்தது. என்னுடையது இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை. ஈரச் சாமான்களுக்கு நடுவே ஒரு பை, பையிலிருந்துதான் சத்தம். பிரித்தால் துண்டு, சட்டை, செருப்பு. காய்ந்த செருப்பு இங்கே இருக்கிறது, காலுக்குச் சொந்தக்காரர் எங்கே?

போனை எடுத்தேன். அவருடைய அக்கா.

"யாரும்மா பேசறது? தம்பி வந்துட்டானா?" என்றார். எப்போதும் மூன்று மணிக்கே கூப்பிட்டுவிடுவானாம், இன்றைக்கு நாலாகிவிட்டதே என்று அவரே கூப்பிட்டிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மேலே பேசினார். "என்னம்மா, அங்க சத்தத்தையே காணோம்? எல்லாரும் அவனுக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்களே. கடைசியா அவன் வந்து சேர்றப்ப மொத்தக் கூட்டமும் நின்னு கை தட்டும்னு வருஷா வருஷம் சொல்வான். அதை அவன் சொல்லிக் கேட்டாத்தான் எனக்கு மனசு நிறையும்."

மைதானத்தின் ஓரத்தில், எனக்கு முதுகைக் காட்டி நின்று, பத்து வருஷமாக அவர் போனில் என்ன பேசினார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காலியான மைதானம். மணியைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்கிற ஒருத்தி. அங்கே நின்றுகொண்டு ஒரு கூட்டத்தையே அக்காவுக்குக் கட்டி எழுப்பியிருக்கிறார். அவமானமாக இருந்தது, சொல்வதற்கு என்ன. இதோ வந்துகொண்டே இருக்கிறார்க்கா, வந்ததும் பேசச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அது பொய்யாகிவிடக் கூடாதே.

மாஸ்டரைக் கூப்பிட்டேன். எல்லாரும் வந்தாச்சென்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன். அப்புறம்தான் அவருக்கும் உறைத்தது, குரலே மாறிவிட்டது. கடலோர மீட்புப் படைக்குச் சொல்கிறேன், வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். ஆறு மணிக்குக் கடல் முழுசாக ஏறிவிடும். ஒரு மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார என்னால் ஆகாது. வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்திருந்தார். சோபாவிலிருந்து அவரைக் கிளப்ப நெம்புகோல் வேண்டும். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கார் சாவியை எடுத்தார்.

மைதானத்தில் காக்கா குருவி இல்லை. அங்கிருந்து பாதையில் பின்னோக்கி நடந்தோம். முதல் ரிப்பன் புதரில் அப்படியே கட்டியிருந்தது. இரண்டாவதும் இருந்தது. என்ன அர்த்தம் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் வந்த வழியில் ரிப்பன் இருக்காது. ரிப்பன் இருக்கிற வரைக்கும் அவர் வந்து சேரவில்லை. எந்த இடத்தில் ரிப்பன் நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் ஆள்.

எண்ணிக்கொண்டே நடந்தேன், பழக்கதோஷம். பத்து, பதினைந்து, இருபது. நடக்கிறோம் என்று பேர், ஒவ்வொரு அடிக்கும் சேறு காலைப் பிடித்து இழுத்தது. என் செருப்பு பதினெட்டாவது ரிப்பனிலேயே போய்விட்டது. ஒவ்வொரு ரிப்பனையும் காணும்போது, ஐயோ இங்கேயும் இருக்கிறதே என்று இன்னும் எட்டி அடி வைத்தேன். ஒரு பக்கம் கடல் இரைந்துகொண்டே ஏறுகிறது. கூப்பிட்டால் குரல் பத்தடி தாண்டவில்லை. பத்து வருஷமாக இந்த வழியில் இந்த மனுஷன் தனியாகத்தான் வந்திருக்கிறார். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், பின்னால் வர யாரும் கிடையாது. இதை ஒருநாளாவது யோசித்தாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். யோசிக்கவில்லை.

நாற்பத்தேழாவது ரிப்பன், கழிமுகத்துக்கு இந்தப் பக்கம், ஒரு செடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

வெறும் தண்ணீர். பாதை இருந்த இடமெல்லாம் தண்ணீர். எனக்கு உயிரே போய்விட்டது. நடுவில், எப்போதோ ஒரு விளக்குக் கம்பம் நின்ற சிமென்ட் மேடை இருந்தது. அதன் மேல் ஏதோ சேற்று மூட்டை. வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்து, அது ஆள்தான் என்றார். நான் பலங்கொண்ட மட்டும் அண்ணா என்று கத்தினேன். மூட்டை அசைந்தது.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனோம். வேர் இடுக்கில் கால் மாட்டி, கணுக்கால் புரண்டு, வீங்கிப்போய் இருந்தது. வாட்சில் மணி பார்த்தாராம், இரண்டேகாலுக்கு மாட்டிக்கொண்டது. நான் எழுந்து நின்று முழங்கினேனே, அதே நேரம். இழுத்துப் பிடுங்கி, தவழ்ந்து மேடையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். உதடெல்லாம் நீலம். ரிப்பன் பையை மட்டும் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்து நிற்கப் பார்த்தார்.

"யாரு மேடம் மிச்சம்?" என்றார். "யாரை விட்டுட்டோம்? நம்பர் சொல்லுங்க, நானும் வரேன் தேட."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. அவரோ பதறுகிறார், ஏழு பேரும் வேனில் ஏறினதை நான் எண்ணினேனே, எட்டாவதாக யாராவது பின்னால் இருந்தார்களா, நான்தான் கவனிக்கவில்லையா என்கிறார். நிற்க முடியாத காலோடு, அந்தத் தண்ணீரில் இறங்கி, இல்லாத ஒரு ஓட்டக்காரரைத் தேடப் பார்க்கிறார்.

"உங்களைத்தான் தேடி வந்தோம்ணா," என்றேன். "மிச்சம் நீங்கதான்."

அவருக்கு அது புரிய நேரமாயிற்று. மறுபடி உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, கல்லால் மேடையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன் என்றார். சத்தம் யாருக்கும் கேட்காது என்று தெரியும், ஆனாலும் தட்டினேன் என்றார். "லிஃப்ட்ல மாட்டினவங்க ஏன் கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்கன்னு இன்னைக்குத்தான் மேடம் தெரிஞ்சது. அப்புறம் நிறுத்திட்டேன். எனக்காக யார் வரப்போறாங்கன்னு."

நான் அவரைத் திட்டினேன். போனை எடுத்துப் போகாததுக்கு, வேனில் ஏறாததுக்கு, என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவர் மேல் கொட்டித் தீர்த்தேன். அவர் சிரித்தார்.

வீட்டுக்காரர் அவரை முதுகில் தூக்கிக்கொண்டார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னாலே இடுப்பு வலி என்கிற மனுஷன்! கரை ஏறிய இடத்தில் அந்த நாற்பத்தேழாவது ரிப்பன். முதுகிலிருந்தபடியே கையை நீட்டி அதை அவிழ்த்துப் பைக்குள் போட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். விடுங்கண்ணா, போனால் போகிறது என்றால், ஆடு தின்றால் குடலில் சுற்றிக்கொள்ளும் மேடம் என்கிறார். அடுத்த ரிப்பனிலும் இந்த முதுகு வண்டி நின்றது, அதற்கு அடுத்ததிலும் நின்றது. வழியில் மீட்புப் படை ஆட்கள் இரண்டு பேர் எதிரே வந்து, கட்டுப் போட்டு, ஆம்புலன்ஸ் மைதானத்துக்கு வருகிறது என்று சொல்லி, தூக்குக் கட்டிலை விரித்தார்கள். அதில் படுத்துக்கொண்டும் அவர் விடவில்லை. நாற்பத்தேழையும் அவிழ்த்த பிறகுதான் மைதானம் வந்தது.

மைதானத்தில் யாரும் இல்லை. முடிகிற இடத்தில் வைத்திருந்த வளைவு கழற்றியாகிவிட்டது, பந்தல் நின்ற இடத்தில் நான்கு குழி, குழியில் தண்ணீர். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. காரிலிருந்து அவர் பையை எடுத்து வந்து துண்டைப் போர்த்திவிட்டு, போனைக் கையில் கொடுத்தேன்.

"அக்கா கூப்பிட்டாங்க," என்றேன். "எல்லாம் சொன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திருட்டுத்தனம் பிடிபட்ட மாதிரி முகம் சுருங்கிப்போனது. நம்பரை அழுத்தினார்.

"அக்கா, வந்துட்டேன்," என்றார். "ஒண்ணுமில்லக்கா, சேறு ஜாஸ்தி, லேட் ஆயிடுச்சு." அந்தப் பக்கம் அக்கா என்னவோ கேட்டார். அவர் காலி மைதானத்தைப் பார்த்தார். "கூட்டமா... இல்லக்கா, இன்னைக்கு..."

நான் கை தட்ட ஆரம்பித்தேன். வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் என்னைப் பார்த்து அவரும் தட்டினார். அப்புறம் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார், அந்த மாதிரி விசில் அவருக்கு அடிக்கத் தெரியும் என்பதே இருபத்தாறு வருஷத்தில் எனக்குத் தெரியாது. தூக்குக் கட்டிலைப் பிடித்து நின்ற ஆட்களும் கட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். சேறு அப்பிய கை, சத்தமே சரியாக வரவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினேன். அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, எங்கள் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் கை களைத்துக் கீழே இறங்குகிற வரைக்கும் நாங்கள் நிறுத்தவில்லை.